கிளம்பாத காரும் கசியும் மின்சாரமும்



மலைநாட்டின் விடியற்காலத்துக்கு உரிய ஒலிகள் சில உண்டு. கோயில் மணியோசை ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையின் சங்கொலி ஒன்று. மலைக்குப் புறப்படுவோரின் பேச்சரவம் ஒன்று. இவற்றோடு இன்னும் ஓர் ஒலியையும் நுவரெலியாவிலும் ஹட்டனிலும், தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் வாழ்வோர் நன்கு அறிவர். பனி விலகாத காலையில், தகரக் கொட்டகையின் கீழ் நிற்கும் பழைய கார் ஒன்று இருமுறை முனகி, மூன்றாம் முறை 'டிக்' என்ற ஓசையோடு அடங்கிவிடும் ஒலியே அது.

அவ்வொலியைக் கேட்டதும் நாம் செய்வன இரண்டு. அண்டை அயலாரை அழைத்து வண்டியை இறக்கத்தில் தள்ளி உயிர்ப்பிப்பது ஒன்று. அதுவும் பயனற்றுப்போனால் கடைவீதிக்குச் சென்று புதிய பற்றரி ஒன்றை வாங்கி வந்து பூட்டுவது மற்றொன்று. இவ்விரண்டிலும், "வண்டி ஏன் கிளம்பவில்லை?" என்னும் வினாவுக்கு இடமே இல்லை. நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன்பின் மருந்தைக் கொடுக்கும் ஒழுங்கை வள்ளுவர் மருத்துவனுக்கு உரைத்தார். அவ்வொழுங்கு பழைய காருக்கும் பொருந்தும் என்பதே இன்றைய பேச்சின் கருத்து.

"பழைய வண்டிகளைப் பற்றி வானொலியிற் பேச வேண்டுமா?" என்று நேயர்கள் வினவலாம். நம் பகுதியில் இவ்வண்டிகள் இன்னும் ஓடுவதற்கு ஆசை மட்டும் காரணமன்று; வரலாறும் காரணம். தோட்டத்துத் துரைமாரோடு பிரித்தானியக் கார்கள் இம்மலைகளுக்கு ஏறி வந்தன. 1948ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொரிஸ் மைனர் அவற்றுள் நமக்கு மிகவும் பழக்கமானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த அக்கார் 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியதும் அதுவே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பலர் தாயகம் திரும்பினர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் கடைக்காரர், ஆசிரியர், கணக்கப்பிள்ளைமார் ஆகியோரின் கைகளுக்கு வந்தன. பின்னர், அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் பழைய வண்டியைப் பேணுவது பலருக்கு விருப்பமாக அன்றி வேறு வழியற்ற கடமையாகவே இருந்தது.

இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டில் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை பெரியதொரு வரப்பிரசாதமே. ஆயினும் மழையிற் கரைந்த தோட்டத்துப் பாதையும், தொலைபேசி அலை எட்டாத பள்ளத்தாக்கும் நமக்குப் புதியனவல்ல. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை எடுக்கும்போது, லயத்துக்கு அருகில் எவரிடம் வண்டி இருக்கிறதோ அவர் வாசலிலேதான் முதலிற் கதவு தட்டப்படுகிறது. டிக்கோயாவிற் பெரிய மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச்சேரும் வரையில் அவ்வுயிர் அந்தப் பழைய பற்றரியை நம்பியே இருக்கிறது. ஆகவே இது பழம்பொருள் சேகரிப்போரின் பொழுதுபோக்குப் பேச்சன்று என்பதை நேயர்கள் உணர்வீர்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். வண்டி கிளம்பவில்லை என்று நாம் பொதுவாகக் கூறும் குறைபாட்டில் மூன்று வேறு நோய்கள் அடங்கியுள்ளன. என்ஜின் சுழலாமை, அல்லது தளர்ந்து சுழலுதல் முதலாவது. என்ஜின் நன்றாகச் சுழன்றும் தீப்பற்றாமை இரண்டாவது. நேற்று நன்றாக ஓடிய வண்டியின் பற்றரி இன்று காலை வெறுமையாகி இருத்தல் மூன்றாவது. முதலாவது மின்சாரத்தின் வலுவைச் சார்ந்தது. இரண்டாவது தீப்பொறியையும் பெற்றோலையும் சார்ந்தது. மூன்றாவது மின்னேற்றத்தையோ மின்கசிவையோ சார்ந்தது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் கையில் ஸ்பேனரை எடுப்பவர், காய்ச்சலையும் கால்முறிவையும் ஒரே குளிகையால் தீர்க்க முயல்பவரை ஒப்பர்.

முதல் நோயை அறிவதற்குப் பணச்செலவில்லாத பரீட்சை ஒன்றுண்டு. முகவிளக்குகளை ஏற்றிக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். அது பழைய மாதிரியில் இழுக்கும் குமிழாக இருக்கலாம், பிந்திய மாதிரியில் திறப்பாகவும் இருக்கலாம். விளக்கின் ஒளியை மற்றொருவர் முன்னே நின்று பார்க்கட்டும். தொடக்கத்திலேயே ஒளி மங்கியிருந்தால் பற்றரி வடிந்துவிட்டது என்பது தெளிவு. நன்றாக எரிந்த விளக்கு, ஸ்டார்ட்டரை இயக்கியதும் அறவே அணைந்துபோனால், பற்றரி முனைகளில் ஒன்றன் இணைப்பு தளர்ந்துள்ளது, அல்லது பூத்துப்போயிருக்கிறது எனச் சந்தேகிக்க வேண்டும். விளக்கு சற்றும் மங்காமல் எரிய, ஸ்டார்ட்டரிலிருந்து ஓசையே வராவிட்டால், மின்சாரம் அங்கே சென்று சேரவில்லை; குற்றம் சுவிட்சிலோ கேபிளிலோ இருக்கிறது. விளக்கு மங்கி, 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு, என்ஜின் அசையாவிட்டால், ஸ்டார்ட்டரின் சிறிய பற்சில்லு என்ஜினின் பெரிய பற்சில்லோடு சிக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது திறப்பை அணைத்து, சமதரையில் மாத்திரம், வண்டியை உயர் கியரில் வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் அது விடுபடும். சரிவில் இதைச் செய்வது ஆபத்து.

பற்றரியே வடிந்திருக்கிறது என்று கண்டால், அதன் நிலையை எண்ணால் அறிவது நன்று. 1859ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே ஆக்கிய ஈய அமிலக் கலத்தின் வழிவந்ததே இன்றைய கார்ப் பற்றரி. ஏறத்தாழ 2 வோல்ட் வீதம் தரும் ஆறு கலங்கள் சேர்ந்து 12 வோல்ட் பற்றரி ஆகின்றன. வண்டியைச் சில மணி நேரம் ஓய்வாக நிறுத்திய பின்னர் வோல்ட்மானியால் அளந்தால், நிறைந்த பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் வெறுமையை நெருங்கிவிட்டது. எண்களுக்கிடையேயுள்ள வேறுபாடு சிறிது. பொருள் வேறுபாடோ மிகப் பெரிது. '12 வோல்ட் இருக்கிறதே' என்று மகிழ்பவர் ஏமாந்துபோவது இதனாலேயே. ஸ்டார்ட்டர் சுழலும்போதும் அளவு ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே போகாதிருத்தல் வேண்டும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின், அமிலத்தின் ஒப்படர்த்தியை நீர்மானியால் அளக்கலாம். நிறைந்த கலம் 1.265 முதல் 1.280 வரை காட்டும், 1.200 அளவில் நின்றால் பாதி மட்டுமே உண்டு. ஆறு கலங்களும் ஒருசேரக் குறைந்திருந்தால் மின்னேற்றி அவற்றை மீட்கலாம். ஐந்து நிறைந்திருக்க ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அக்கலம் சிதைந்துவிட்டது. அப்பற்றரிக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். புதிய பற்றரிக்குப் பணம் கொடுக்க வேண்டிய தருணம் இதுவே. நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே விட வேண்டும். நம் மலையூற்றின் தெளிந்த நீர் அருந்துவதற்கு அமிழ்தமாயினும், அதிற் கரைந்துள்ள தாதுப்பொருள்கள் பற்றரித் தகடுகளுக்குப் பகையாகும்.

பற்றரி நிறைந்திருந்தும் என்ஜின் தளர்ந்து சுழல்கின்றதா? அப்போது பாதையை ஆராய வேண்டும். ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தைக் கேட்பது. அந்தப் பெருவெள்ளம் கடந்து செல்லும் ஒவ்வொரு மூட்டும் துப்புரவாக இருத்தல் வேண்டும். என்ஜின் இறப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே பின்னற்கம்பிப் பட்டை ஒன்று 'ஏர்த்' இணைப்பாகப் பூட்டப்பட்டிருக்கும். அப்பட்டை அறுந்தாலோ துருவேறினாலோ, மின்சாரம் வேறு வழி தேடி, சோக் கம்பியின் ஊடாகப் பாயும். ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கம்பி சூடேறுகிறதென்றால், பற்றரியை நோகாமல் அந்தப் பட்டையைத் தேடுங்கள். வோல்ட்மானியின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் மறு முனையை என்ஜினின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட்டரை இயக்கினாலும் உண்மை வெளிப்படும். அரை வோல்ட்டுக்கு மேற்பட்ட அளவு தோன்றினால் அந்த வழியிலே தடையுண்டு. பேர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனத்தார் செய்த மின்கருவிகளைப் பரிகசித்து, அந்நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டஞ்சூட்டினர் ஆங்கிலேயர். எனினும், துரு ஏறிய மூட்டையும் தளர்ந்த திருகாணியையும் கவனியாதவரின் வண்டி எந்த நிறுவனத்தின் கருவியைப் பூட்டினாலும் இருளிலேதான் நிற்கும்.

இரண்டாவது நோயை, அதாவது என்ஜின் சுழன்றும் தீப்பற்றாமையை, முதலாவதிலிருந்து பிரித்தறியப் பழைய வண்டியிலேயே ஒரு கருவி இருக்கிறது. கையாற் சுழற்றும் இரும்புப் பிடியே அது. 1912ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கெற்றறிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் அமெரிக்கக் கடிலாக் காரில் வந்ததன் பின்னர் உலகம் அப்பிடியை மெல்ல மறந்தது. மொரிஸ் மைனரோ அதனை மறக்கவில்லை. ஸ்டார்ட்டருக்கு இணங்காத என்ஜின் கைப்பிடிக்கு எளிதாக இணங்குமாயின், பிளக்கும் காயிலும் கார்புரேட்டரும் குற்றமற்றவை. தளர்ந்த பற்றரியை ஸ்டார்ட்டர் உறிஞ்சும்போது காயிலுக்குரிய மின்சாரம் குறைந்து, தீப்பொறி நலிகிறது, அவ்வளவே. கைப்பிடியைப் பற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியாதிருப்பதற்கான முறை இது.

கைப்பிடிக்கும் இணங்காவிட்டால், மலைநாட்டுக்கே உரிய இரண்டு காரணங்களை முதலில் நினைக்க வேண்டும். ஒன்று ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், வட்டவளைப் பகுதிகளின் ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் புகுந்துவிடும். தீப்பொறிக்குரிய உயர் அழுத்த மின்சாரம் பிளக்கை அடையாமல் ஈரத்தின் வழியே நழுவிவிடுகிறது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்த மாத்திரத்தில் உயிர்பெற்ற வண்டிகள் பல. மற்றொன்று உயரம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் அளவாகத் திருத்திய கார்புரேட்டர் அங்கே பெற்றோலை மிகுதியாகக் கலக்கிறது. அதன்மேல் சோக்கையும் அளவுக்கு மீறி இழுத்தால் பிளக்குகள் கரி படிந்து நனைந்துபோகும். பெற்றோல் வருகிறதா என்று அறியத் திறப்பைப் போட்டுச் செவிகொடுத்தாற் போதும். மின்னாற் செயற்படும் பம்ப் சில முறை 'டிக் டிக்' என ஒலித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் தீர்ந்தது, அல்லது குழாயிற் காற்றுப் புகுகிறது என்க.

இப்போது மூன்றாவது நோய்க்கு வருகிறோம். பணத்தை மிகுதியாக விழுங்குவது இதுவே. இதைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றை முதலிற் களைய வேண்டும். "வண்டியைக் கிளப்புவதுதான் பற்றரியைத் தின்கிறது" என்பர் பலர். கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 அம்பியர் வீதம் 5 செக்கன் ஓடினால், செலவு ஆயிரம் அம்பியர்-செக்கன். ஒரு மணிக்கு 3,600 செக்கன் ஆதலால், அது 0.28 அம்பியர்-மணி ஆகின்றது. 40 அம்பியர்-மணிப் பற்றரியில் இது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. இனி, 6 வாட் வீதம் நான்கு சிறு விளக்குகளை அணைக்க மறந்து உறங்கச் சென்றவரின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 24 வாட். 12 வோல்ட்டில் 2 அம்பியர். பத்து மணி நேரத்தில் 20 அம்பியர்-மணி. பற்றரியிற் பாதி போயிற்று. முழக்கத்தோடு செலவாகும் பெருந்தொகையை விட, ஓசையின்றி ஒழுகும் சிறுதொகையே களஞ்சியத்தை வெறுமையாக்குகிறது. குடும்பக் கணக்கு எழுதும் இல்லத்தரசிகளுக்கு இது புதிய பாடமன்று.

அக்கசிவைப் பிடிப்பதற்கு 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றும், அதற்குரிய தாங்கியும், இரண்டு முழக் கம்பியும் போதும். வண்டியின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, கதவுகளை மூடி, பற்றரியின் ஏர்த் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய கேபிளுக்கும் பற்றரி முனைக்கும் இடையே பல்பைத் தொடுங்கள். பல்பு எரியாவிட்டால் பெருங்கசிவு இல்லை. எரிந்தால், எங்கோ மின்சாரம் ஒழுகுகின்றது. மிகச் சிறிய கசிவுக்குப் பல்பு ஒளிராது. அதற்கு மில்லி அம்பியரைக் காட்டும் மானி வேண்டும். கடிகாரமும் வானொலிப் பெட்டியும் இல்லாத பழைய வண்டியில் அந்த மானி பூச்சியத்தையே காட்ட வேண்டும்.

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பியைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, அந்தக் கம்பியின் மறுகோடியிற் கள்வன் இருக்கிறான். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் உருகிகள் இரண்டே. முகவிளக்குச் சுற்று முதலிய சில அவ்வுருகிகளின் வழியாகச் செல்வதே இல்லை. ஆகவே உருகிகளைக் கழற்றியும் பல்பு அணையாவிட்டால் தேடலை நிறுத்திவிடாமல், சுவிட்சுகளிலுள்ள கம்பிகளையும் ஆராய வேண்டும். அதற்கும் அகப்படாவிட்டால் டைனமோவின் பெரிய கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அப்போது பல்பு அணையுமாயின், மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமற் காக்கும் 'கட்அவுட்' என்னும் காவலாளியின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். நின்ற வண்டியிலே டைனமோ சூடாக இருப்பதும் இதற்கு அடையாளம். அந்நிலையில் உடனடியாகப் பற்றரியைக் கழற்றாவிட்டால் கம்பிகள் எரியவுங்கூடும்.

கொட்டகலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவரின் மொரிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை காலையிற் கிளம்பாது. ஓராண்டுக்குள் இரண்டு பற்றரிகளை மாற்றினார். டைனமோவையும் பிரித்துப் பூட்டச் செய்தார். நோய் தீரவில்லை. கடைசியிற் பல்புப் பரீட்சை செய்தபோது, கதவுத் தூணிலுள்ள சிறிய பொத்தான் ஈரத்தால் துருவேறி உள்ளே சிக்கி நிற்பது தெரிந்தது. கதவை மூடிய பின்னும் உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 6 வாட் விளக்கு, அரை அம்பியர், ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி, இரண்டரை நாளில் 30. நாற்பதில் மிஞ்சுவது என்ன? அவ்விளக்கை எவரும் காணாமற் போனதற்குக் காரணமும் உண்டு. வண்டி மழையில் நனையாதிருக்கப் பெரியவர் ஒவ்வொரு மாலையும் அதனைத் தார்ப்பாயால் இறுகப் போர்த்திவிடுவார். வண்டியைக் காத்த போர்வையே குற்றத்தையும் மறைத்தது. பொத்தானைச் சுரண்டித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டதோடு நோய் நீங்கிற்று. ஆயினும் மாற்றிய பற்றரிகளுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

கசிவு எதுவும் இல்லாமலே பற்றரி மெலிவதும் உண்டு. அப்போது வருமானத்தைப் பார்க்க வேண்டும். பிற்கால மொரிஸ் மைனரின் டைனமோ உச்ச அளவாக 22 அம்பியர் தரவல்லது; ஆனால் என்ஜின் மந்தமாக ஓடும்போது அது ஏதும் தராது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மூடுபனியில் ஊர்ந்து செல்லும் வண்டியை எண்ணிப் பாருங்கள். முகவிளக்குகளுக்கு 7 அம்பியர், சிறு விளக்குகளுக்கு 2, கண்ணாடி துடைப்பானுக்கு 2 அல்லது 3, தீப்பொறிக்கும் பம்புக்கும் 3 அல்லது 4. ஆகச் செலவு 15 அம்பியரை நெருங்குகின்றது. மெதுவாகச் சுழலும் டைனமோ அதனை ஈடுசெய்யாது. மிகுதியைப் பற்றரியே கொடுக்க வேண்டும். வண்டி விரைந்து ஓடும் வேகத்தில் என்ஜினைச் சுழலவிட்டுப் பற்றரியின் முனைகளில் அளந்தால் பதின்மூன்றரை வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் முதலில் பட்டியின் இறுக்கத்தையும், பின்னர் டைனமோவின் கரித்துண்டுகளையும், இறுதியில் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இந்த வரிசையிலேயே ஆராய்க. பதினைந்துக்கு மேல் ஏறினால் அதுவும் நோயே. பற்றரியின் நீர் கொதித்து வற்றும்.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகளிலே உறைபனி படியும். அத்தகைய குளிரில் பற்றரி தன் முழு வலுவையும் தர இயலாது. என்ஜின் எண்ணெயும் தடித்துச் சுழற்சியை எதிர்க்கும். ஒரு பக்கத்தில் வலிமை குறைய, மறுபக்கத்திற் சுமை கூடுகிறது. மார்கழியில் முக்கால் நிறைவோடு வண்டியைக் கிளப்பிய பற்றரி தையிலே கைவிடுவது இதனால்தான். குளிர் காரணமன்று, முன்பே இருந்த குறையைக் குளிர் வெளிக்காட்டுகிறது.

இனி, உயிர்ப்பாதுகாப்பைப் பற்றிய நான்கு விடயங்கள்.

முதலாவது, இறக்கத்தில் தள்ளிக் கிளப்பும் வழக்கம். ஆபத்து வேளையில் அது உதவலாம். ஆனால் நாள்தோறும் சரிவையே பற்றரியாகக் கொள்பவர், நோயை வளர்த்துக்கொண்டிருக்கிறார். இறம்பொடை வளைவுகளில் இரவில் என்ஜின் நின்றுவிட்டால், மங்கிய விளக்கோடு மூடுபனியில் நிற்கும் வண்டியைப் பின்னால் வரும் லொறிச் சாரதி காண்பது எங்ஙனம்?

இரண்டாவது, மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் பெறுதல். இன்றைய யப்பானிய வண்டிகளில் பற்றரியின் மறைமுனை உடலோடு இணைந்திருக்கும். தொழிற்சாலையில் அமைந்தபடியே உள்ள மொரிஸ் மைனரிலோ நேர்முனையே உடலோடு இணைந்தது. நேரை நேரோடும் மறையை மறையோடும் இணைத்த நிலையில் இரு வண்டிகளின் உடல்களும் ஒன்றையொன்று தொட்டால், குறுஞ்சுற்று உண்டாகித் தீப்பிடிக்கலாம். ஆகவே வண்டிகளிடையே இடைவெளி வேண்டும். கடைசி இணைப்பைப் பற்றரி முனையிற் பூட்டாமல், அதற்குத் தொலைவில் மொரிஸின் என்ஜின் உலோகத்திலே பூட்ட வேண்டும். பற்றரியைக் கழற்றும்போதும் இவ்வண்டியில் முதலிற் கழற்றவேண்டியது நேர்முனையே. மீண்டும் பூட்டும்போது கடைசியாகப் பூட்டவேண்டியதும் அதுவே. சில வண்டிகளில் இவ்வமைப்பைப் பிற்காலத்தில் மாற்றியிருப்பார்கள். ஆதலால் எந்த முனையிலிருந்து உடலுக்குக் கேபிள் செல்கிறது என்று கண்ணாற் பார்த்த பின்பே கையை வைக்க வேண்டும்.

மூன்றாவது, மின்னேற்றும் இடம். மின்னேறும் பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடும். அது வெடிக்கும் தன்மையது. அடுப்பெரியும் லயத்து அறைக்குள், குழந்தைகள் உறங்கும் இடத்தில், பற்றரியை வைத்து மின்னேற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும். காற்றோட்டமுள்ள திண்ணையே தக்க இடம். 40 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 4 அம்பியர் வீதம் மெதுவாக ஏற்றுவது நன்று.

நான்காவது, நெடுநாள் நிறுத்திவைத்தல். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் வண்டிகள் வாரக்கணக்காக நின்றதை நாம் மறக்கவில்லை. வடிந்த நிலையிலே விடப்பட்ட பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப்போகும். பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் அது மீளாது. நிறுத்திவைக்கும் வண்டியின் ஏர்த் கேபிளைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை பற்றரியை மின்னேற்றி வைத்தால் அவ்விழப்பு நேராது.

நேயர்களே, ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டியைக் காணக் கூடும் இளைஞர்கள் வேகத்தை வியக்கின்றனர். அவ்வியப்பு இயல்பே. அவ்விளைஞர்களுட் சிலர் கராஜ்களில் வேலை பழகுகின்றனர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று. வாடிக்கையாளர் வண்டியைக் கொணர்ந்ததும், "பற்றரியை மாற்றுவோம்" என்று முதலிற் கூறாதீர்கள். எப்போது நிறுத்தினீர்கள், எத்தனை நாள் நின்றது, விளக்கு மங்குகிறதா, என்ஜின் சுழல்கிறதா என்று கேளுங்கள். கேட்டபின் பல்பை வைத்துப் பாருங்கள். பார்த்தபின் அளவிடுங்கள். அதன்பிறகே ஸ்பேனரை எடுங்கள். இந்த வரிசையைக் கைக்கொள்பவர் வாடிக்கையாளரின் பணத்தைக் காப்பதோடு தம் பெயரையும் காத்துக்கொள்வார்.

வண்டி வைத்திருப்போரிடம் வேண்டுவதோ இதனினும் எளிது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறு பல்பையும் கம்பியையும் சேர்த்து ஒரு பரீட்சை விளக்கைச் செய்து வண்டியிலே வைத்துக்கொள்ளுங்கள். பற்றரி முனைகளைக் கழற்றி, வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, இறுகப் பூட்டி, சிறிது வசலின் பூசிவிடுங்கள். அரைமணி நேர வேலை. ஏதோ ஓர் இரவில், கொட்டும் மழையில், எவரேனும் ஓடிவந்து உங்கள் கதவைத் தட்டும்போது, அந்த அரைமணியின் பெறுமதி உங்களுக்குத் தெரியவரும்.